நாற்பது காசும் ஒரு பேரும்: கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்ணின் வாழ்வு

வடசிலாங்கூரின் தோட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பயிரிலிருந்து தொடங்குவர். முதலில் காப்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் விலை வீழ்ந்தபின் ரப்பர், பின்னர் செம்பனை என்று அவ்வரலாறு நடக்கும். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் உருவானது. அதை உருவாக்கியவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்துக்கும் ஆண்டு உண்டு. துரைக்கும் பெயர் உண்டு. நாவலுக்கும் பரிசு உண்டு. அந்த மண்ணில் குழி வெட்டி, கன்று நட்டு, களை பறித்து, பால் வெட்டிய பெண்களுக்கோ தனியான ஏடு எதுவும் இல்லை.

தென்னமாரம் என்ற பெயரே தமிழ்க் காதுக்குத் ‘தென்னமரம்’ என்றுதான் கேட்கும். இடத்தின் பெயரில் நம் மொழி நின்றுவிட்டது. அங்கு வாழ்ந்தவளின் வாழ்வு நம் வரலாற்றில் எவ்வளவு நின்றிருக்கிறது என்பதே இப்பொழிவில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா. இவ்வினாவை முதன்மையாக ஆசிரியர்கள் முன்னும் மாணவர்கள் முன்னும் வைக்கிறோம். விடையின் பெரும்பகுதி அவர்கள் வீடுகளில்தான் இருக்கிறது என்பது நம் நம்பிக்கை.

கடல் கடந்தவள்

1920-களின் நடுவில், இருபது வயதளவில் இங்கு வந்து இறங்கிய ஒருத்தியை மனத்தில் கொள்வோம். அவள் குறிப்பிட்ட தனியொருத்தி அல்லள். அக்காலச் சட்டங்களும் கூலி விகிதங்களும் குடிக்கணக்கும் எவள்மீது பொருந்துமோ அவளே இவள். ஆகவே அவளுக்கு நாம் கற்பனைப் பெயர் எதுவும் சூட்டவில்லை.

அவள் வந்தபோது சஞ்சிக்கூலி முறை ஓய்ந்துவிட்டது. 1910-இல் அம்முறையில் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்திருந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த கங்காணி தன் ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். கப்பல் செலவை, 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடிநுழைவு நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகள் தத்தம் ஆள்கணக்குக்கு ஏற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். எனவே அவள் தலையில் சஞ்சிக் கடன் இல்லை. ஆயினும் கங்காணியின் சொல்லுக்கு அவள் கட்டுப்பட்டே இருந்தாள். அவளை அழைத்து வந்தவரே வேலையிடத்தில் அவளுக்கு மேலாளராகவும் நின்றார். அவரது ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது.

ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் காத்திருந்து, கப்பலின் மேல்தட்டில் ஒரு வாரக் காலம் பயணம் செய்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, நோய்த்தடை முகாமில் சில நாள் தங்கி, பின்னரே அவள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். கிள்ளானுக்கு அருகில் இருந்த அத்துறைமுகமே சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு நெருங்கிய வாயில்.

அவள் வந்தது ஆண்கள் மிகுந்த நாட்டுக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு இருநூறு பெண்கள்கூட இல்லை. 1921-இல் அவ்வெண்ணிக்கை நானூறை ஒட்டியும், 1931-இல் ஐந்நூறை ஒட்டியும் உயர்ந்தது. இவ்வெண்களை வெறும் குடிக்கணக்காகப் படித்துச் செல்லலாகாது. ஆண்கள் மட்டும் வாழும் இடம் வேலைத்தலம். வேலை முடிந்தால் அவர்கள் திரும்பிப் போவர். பெண்கள் வந்து குடும்பம் அமைந்த பிறகே அவ்விடம் ஊராகிறது. இந்த நாட்டில் தமிழர் தங்கி வாழும் சமூகமாக ஆன கதை, ஏறிவந்த அந்தப் பெண்களின் எண்ணிக்கையில்தான் எழுதப்பட்டுள்ளது.

ஒரு நாளின் கணக்கு

விடிவதற்கு முன் தப்பு அடிக்கும். லயத்தின் ஒற்றை அறையில் அடுப்பு மூட்டி, பழையதோ கஞ்சியோ கட்டி வைத்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டு, ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவள் பெரட்டுக்குப் போவாள். அங்கே கிராணி ஆட்களை எண்ணிச் செக்ரோலில் குறித்துக்கொள்வார். ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். வேலை குறைவு என்று கண்டால் ‘அரைப்பேர்’ விழும். மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. அன்றைய பேரும் இல்லை.

இருள் பிரியும் முன்பே வேலை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த வேளையில் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அவள் தன் நிரையில் ஒவ்வொரு மரமாக நின்று, முந்திய நாள் வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து, உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கை நேர் செய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வாள். ஆழம் குறைந்தால் பால் வராது. சற்றுக் கூடினால் மரம் காயப்பட்டு அவ்விடத்தில் பட்டை மீண்டும் ஒழுங்காக வளராது. இவ்வாறு முந்நூறு, நானூறு மரங்கள். பின்னர் அதே நிரையில் திரும்பி வந்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து நிறுக்குமிடம் சேர்ப்பாள்.

இது பயிற்சியும் கைப்பதமும் வேண்டும் தொழில். வலிமை மட்டும் போதாது. அவள் வெட்டிய மரங்களின் பால் என்று தனிப்பால் இல்லை. ஆணின் வாளியும் பெண்ணின் வாளியும் ஒரே தொட்டியில்தான் கவிழ்ந்தன.

நண்பகலுக்குப் பிறகு அவளுடைய இரண்டாம் வேலை தொடங்கும். தண்ணீர், விறகு, சமையல், துணி, பிள்ளை, லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி, ஓர் ஆடு அல்லது சில கோழிகள். இவ்வேலை எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. ஆயினும் இக்கணக்கின்றித் தோட்டத்தின் கணக்கு நடந்திராது. ஓர் ஆணின் கூலியில் ஒரு குடும்பம் வாழ முடியாத நிலையில், அவளது கூலியும் கூலியில்லாத உழைப்பும் சேர்ந்தே அக்குடும்பத்தைத் தாங்கின.

ஐந்தில் நான்கு

1920-களின் இறுதியில் கடற்கரை வட்டாரங்களுக்கு அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையைச் சாய்த்தது. கூலி 40 காசு, 32 காசு என்று வெட்டப்பட்டது. நடைமுறையில் அதனினும் கீழே இறங்கிய தோட்டங்களும் உண்டு. 1936-இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். பழைய 50, 40 காசு மீட்கப்பட வேண்டும் என்பது அவரது பரிந்துரைகளுள் ஒன்று; கங்காணி மூலம் ஆள் எடுப்பது முடிய வேண்டும் என்பது மற்றொன்று. கூலி சிறிது காலம் மீண்டது. 1938-இல் ரப்பர் விலை மீண்டும் சரிந்தபோது அது 45 காசு, 36 காசு ஆயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

இந்த எண்களை மாணவர்கள் ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஐம்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு முப்பத்திரண்டு, நாற்பத்தைந்துக்கு முப்பத்தாறு: மூன்றிலும் விடை ஐந்தில் நான்கு. உலகச் சந்தை ஏறியது, இறங்கியது. கூலி வெட்டப்பட்டது, மீட்கப்பட்டது, மறுபடி வெட்டப்பட்டது. பெண்ணின் பங்கு மட்டும் அசையவில்லை. விலையைப் பொறுத்த விகிதமாக இருந்தால் அது விலையோடு மாறியிருக்கும். பெண்ணின் தேவை குறைவு, அவள் கூலி குடும்பத்துக்குத் துணைக்கூலி என்ற கருத்திலிருந்து பிறந்த விகிதம் அது. விதவைக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், நோயுற்ற கணவனைப் பேணியவளுக்கும் அதே நாற்பது காசுதான் முழுக்கூலி. அரிசிக் கடையில் அவர்களுக்கு மட்டும் ஐந்தில் நான்கு விலை கிடையாது.

மந்தக் காலம் அவளை வேறு வகையிலும் தொட்டது. 1930-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் வேலையிழந்த இந்தியர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை ஏறும்போது அழைக்கப்பட்டவர்கள், விலை இறங்கும்போது கப்பலேற்றப்பட்டனர். இங்கே பிறந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடல் கடந்து திரும்பிய பெண், எது தன் ஊர் என்ற வினாவை அன்றே எதிர்கொண்டாள்.

வந்த இடம் ஊரானது

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பிள்ளைக் காப்பகமும் பேறுகால உதவியும் அதில் இடம்பெற்றன. சட்டம் வந்ததற்கு ஒரு காரணம், தோட்டங்களில் பிள்ளைகள் இருந்தனர் என்பது. பிள்ளைகள் இருந்ததற்குக் காரணம், தாய்மார் வந்து தங்கினர் என்பது. நாம் இன்று தமிழ்ப்பள்ளியின் வரலாற்றைச் சட்டத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் தொடங்குகிறோம். ஆயாக் கொட்டகையிலிருந்து தொடங்குவதும் பொருந்தும்.

அன்றைய பள்ளி பெரும்பாலும் ஒற்றை அறை. பாடம் சொன்னவர் சில இடங்களில் கிராணி, சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி. பெண்பிள்ளை ஓரிரு ஆண்டு வந்தபின், தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்படுவாள். சற்று வளர்ந்ததும் தாயின் நிரையில் உதவிக்கு நிற்பாள். தாய் தான் கல்லாததைப் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பிய வீடுகளிலும், முதலில் பள்ளி சென்றவன் மகன். மகளின் முறை ஒரு தலைமுறை தாழ்ந்தே வந்தது. இதைச் சொல்லும்போது நம் குடும்பங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆயினும் மொழி அவளிடமிருந்தே பிள்ளைகளுக்குச் சென்றது. தாலாட்டும் ஒப்பாரியும் விடுகதையும் ஊர்க்கதையும் கடலைக் கடந்தது ஏட்டில் அன்று, அவள் நாவில். மரத்தடியில் நட்ட சூலத்துக்கு மஞ்சள் பூசி, ஆடி மாதத்தில் கூழ் ஊற்றி, மாரியம்மனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவள் முன்வரிசையில் நின்றாள். ஹோப்புல் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சிலாங்கூர் ரிவர் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இவ்வட்டாரத்தில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் உள்ளன. அப்பெயர்களைச் சொல்லும்போது துரைமார் வைத்த பெயரையே சொல்கிறோம். அப்பள்ளிகளை நிரப்பிய தாய்மாரையும் அதனுடன் நினைப்பது முறை.

1941

தாங்கிக்கொண்டே இருந்தாள் என்று இவ்வரலாற்றை முடித்துவிட்டால் அது பொய்யாகும். 1941-இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற வட்டாரங்களுக்கும் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டபின் கொந்தளிப்பு மிகுந்தது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கூலியோடு நிற்கவில்லை. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையின் முன்பும் சிப்பந்திகளின் முன்பும் மிதிவண்டியில் ஏறிச் செல்லும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். தொழிலாளர் வீட்டுப் பெண்களை அதிகாரிகள் தொல்லைப்படுத்துவது நிற்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. பல்லாண்டுகளாக லயங்களில் முணுமுணுப்பாக இருந்தது, முதன்முறையாகக் கோரிக்கையாக எழுதப்பட்டது. பிள்ளையின் பள்ளி, மருந்து, கூலிநாளில் கணவன் காலடி திரும்பும் கள்ளுக்கடை ஆகிய மூன்றும் அவளுடைய அடுப்படிக் கவலைகள். அடுப்படிக் கவலை அரசியல் கோரிக்கையாக மாறியதில் அவளது பங்கை நாம் காணலாம்.

இன்னொன்றையும் காண வேண்டும். இந்தியருக்கும் சீனருக்கும் சமக்கூலி கேட்ட அப்பட்டியலில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி என்ற வரி இல்லை. நீதி கேட்டு எழுந்தவர்களின் கண்ணுக்கும் அந்த ஐந்தாவது பங்கு தெரியவில்லை. போராடியவர்களைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. ஓர் அநீதி நெடுநாள் நிலைத்துவிட்டால் அது வழக்கம் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மாணவர்க்குக் காட்ட நம்மிடம் இல்லை.

போர் ஆண்டுகள்

அவ்வாண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தனர். ரப்பர் வாங்க ஆளில்லை. பர்மா அரிசி வரவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டில் எஞ்சியவளைப் பற்றிக் குறைவாகவே பேசியுள்ளோம். கணவன் இறந்தானா, வருவானா என்று தெரியாமல், கூலியில்லாத தோட்டத்தில் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காத்தவள் அவள். ‘துணைக்கூலி’ என்று கணக்கிடப்பட்டவளே அப்போது குடும்பத்தின் ஒரே தூண்.

அதே காலத்தில் வேறொரு வாசலும் திறந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அறிவித்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம், அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் தொடங்கியது. டாக்டர் இலட்சுமி தலைமை ஏற்ற அப்படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். அப்படையின் பின்னணியில் இருந்த அரசியலை எவ்வாறு மதிப்பிட்டாலும், பெரட்டில் கங்காணியின் முன் நின்ற பெண்ணின் மகள் சீருடையணிந்து அணிவகுத்து நின்றாள் என்ற நிகழ்ச்சி சிறியதன்று.

செக்ரோலுக்கு வெளியே

புதிய நிலத்தில் குடியேறி ஊரை உருவாக்கிய பெண்கள் உலகின் பல பகுதிகளிலும் உண்டு. 1847 முதல் அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தை மாட்டுவண்டியில் கடந்து உட்டா பகுதியில் சிற்றூர்களை அமைத்த மார்மன் சமயப் பெண்களைச் சான்றாகக் கொள்ளலாம். அவர்களும் வறுமையையும் பிள்ளையிழப்பையும் கண்டவர்கள். ஆனால் அவர்களுள் பலர் எழுதக் கற்றிருந்தனர், நாட்குறிப்பு வைத்திருந்தனர். 1901-இல் அவர்களுடைய மகளிரும் பேத்தியரும் ஒரு சங்கம் அமைத்து அக்குறிப்புகளையும் வாழ்க்கைக் கதைகளையும் திரட்டத் தொடங்கினர். அதனால் ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வாழ்வைப் பெயரோடும் நாளோடும் இன்று அங்கே படிக்க முடிகிறது.

நம் முதல் தலைமுறைப் பெண்ணுக்குப் பதிலாக எழுதியவர் கிராணி. அவர் எழுதியது வருகையும் கூலியும் மட்டுமே. அவள் ஆயுளில் ஆயிரக்கணக்கான ‘பேர்’ ஈட்டினாள்; அவளது பெயர் எங்கும் தங்கவில்லை. அங்கே பேத்தியர் செய்ததை இங்கே செய்யும் வாய்ப்பு இன்னும் நமக்கு உண்டு, ஆனால் காலம் குறுகிவருகிறது. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புகள் வருகின்றன. லயங்கள் இடிந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 1920-களில் வந்தவளின் குரலை நேரில் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகள் இன்று தாமே முதியவர்கள்.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் கேட்பது எளியது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு வார வேலையாக, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தில் முதலில் இங்கு வந்த பெண்ணைப் பற்றி ஐந்து செய்திகளை எழுதிவரட்டும்: அவள் பெயர், புறப்பட்ட ஊர், இறங்கிய துறைமுகம், வேலை செய்த தோட்டம், அவள் அடிக்கடி சொன்ன ஒரு சொல்லோ பாடிய ஒரு பாட்டோ. ஐந்தும் கிடைக்காத வீடுகள் இருக்கும். கிடைத்தது ஒன்றானாலும் அதை எழுதி, சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார் என்றும் குறித்து வைக்கட்டும். தோட்டப் பேச்சில் வழங்கிய பெரட்டு, மங்கு, காண்டா, நிரை போன்ற சொற்களைக் கொச்சை என்று திருத்தாமல் அவ்வாறே எழுதச் சொல்வோம். அச்சொற்கள் போனால் அவளது வேலை நாள் எப்படி இருந்தது என்பதை விளக்க நம்மிடம் சொல் இராது.

நாற்பது ஏடுகள் ஒரு வகுப்பில் சேர்ந்தால், அதில் நாற்பது பெயர்கள் இருக்கும். கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றை அடுத்து எழுதுபவர், பயிரிலிருந்தும் துரையிலிருந்தும் அன்றி, அப்பெயர்களிலிருந்து தொடங்கலாம்.